விலைபோன அன்னபூரணி

பேராக் மாநிலத் தமிழர் மேடைகளில் கடாரம் கொண்ட பெருமை ஓயாது ஒலிக்கின்றது. 1025-இல் இராசேந்திரன் செலுத்திய கடற்படையைப் பற்றித் தொடக்கப்பள்ளி மாணவனும் முழங்குவான். ஆயின், பாட்டனார் காலத்தில் கடல் கடந்து விலைபோன ஒரு தமிழ்க் கலத்தின் பெயரைக் கேட்டால், முழங்கியவரே விழிப்பர். இது பெருமையன்று, மறதிக்குப் போர்த்திய பொன்னாடை.

அக்கலத்தின் பெயர் அன்னபூரணி. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் அவ்வூர்த் தச்சர் வேப்பமரத்தால் கட்டிய பாய்மரக் கப்பல் அது. சிறு படகில் உலகைச் சுற்றி வந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதனை விலைக்கு வாங்கினார். அவ்வூர்த் தண்டலும் மாலுமிகளும் அதனைச் செலுத்தி, 1938 ஆகஸ்டில் மசாசூசெட்ஸ் மாநிலக் குளொஸ்டர் துறைமுகம் சேர்த்தனர். கலத்துக்கு வாங்கியவர்தம் மனைவியின் பெயர் சூட்டப்பட்டது.

"பொருளை விற்றது குற்றமா?" என்பர் சிலர். விற்றது குற்றமன்று. வல்வெட்டித்துறையார் இன்றும் போற்றும் நினைவை ஏனைய தமிழர் கைவிட்டதே குற்றம்.

அதே குற்றம் பேராக்கிலும் நிகழ்கின்றது. தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் தவித்த காலத்தில், சுங்கை சிப்புட்டின் மைந்தர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் 10 வெள்ளி சேர்த்த தொழிலாளர், விலைக்கு வந்த தோட்டங்களை வாங்கிக் காட்டினர். நிலத்தை மீட்க எழுந்த அந்த ஊக்கம் நினைவை மீட்க எழவில்லை. ரப்பர் நிரைகள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டன. பால் வெட்டிய கத்தி பழைய இரும்போடு போகின்றது. அதைப் பிடித்த கையின் பெயர் ஏட்டில் இல்லை. ஈப்போவில் வளரும் பேரன், பாட்டி மங்கு துடைத்த தோட்டத்தின் பெயரையும் அறியான்.

கடாரத்தைக் கற்பிக்க வேண்டாம் என்பார் இலர். தமிழாசிரியர் அதனோடு அன்னபூரணியையும் கற்பிக்கட்டும். அதன்பின் ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டு முதியோரிடம் தோட்டத்தின் பெயர், நிரையின் கணக்கு, கூலியின் அளவு ஆகியவற்றைக் கேட்டு எழுதி வரட்டும். அரசர் வரலாற்றைக் கல்வெட்டு காத்தது. தொழிலாளர் வரலாற்றைக் காக்கக் கல்வெட்டு இல்லை. மாணவனின் பயிற்சி ஏடேனும் காக்கட்டும். கேட்டுச் சொல்ல இருக்கும் முதியோர் நாளும் குறைந்து வருகின்றனர்.