வயல் விற்றவருக்கு விலை, நட்டவருக்கு?

டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துவிட்டார்களே, பிறகு எப்படி நஞ்சையில் மனைக்கல் ஊன்றுகிறார்கள், வணிக வளாகம் எழும்புகிறது? மாணவர்கள் கேட்கும் இந்தக் கேள்விக்கு 2020-ல் வந்த அந்தச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை போன்றவற்றைத்தான் அது தடுக்கிறது. வீட்டுமனையும் ஷாப்பிங் மாலும் தடைப் பட்டியலில் இல்லை. நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதிகளைத் தாண்டினால் நஞ்சையும் மனையாகிவிடும்.

தஞ்சாவூர் புறவழிச்சாலை ஓரத்தில் வயல் கைமாறும்போது பட்டாதாரருக்கு விலை, தரகருக்குக் கமிஷன், அரசுக்கு முத்திரைத்தாள் கட்டணம். அந்த வயலில் மூன்று தலைமுறையாக நட்டு, களை பறித்து, அறுத்த குடும்பத்துக்கு எதுவும் இல்லை. டெல்டாவில் நிலம் மிராசுதாரர், கோயில், மடம் என்றே குவிந்திருந்தது; உழைப்பு சேரியிலிருந்து வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 34 பேர் பட்டியல் சாதியினர். பத்திரத்தில் அவர்கள் பெயரைத் தேடினால் எத்தனை கிடைக்கும்?

இதே வயலை அரசு 2013 நிலம் எடுப்புச் சட்டப்படி எடுத்தால் கதை வேறு. நிலமே இல்லாவிட்டாலும், மூன்று ஆண்டு அங்கே கூலி வேலை செய்து, அதையே பிழைப்பாகக் கொண்ட குடும்பம் அச்சட்டத்தில் 'பாதிக்கப்பட்ட குடும்பம்'. வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய் என்று மறுவாழ்வு உண்டு. தனியார் பேசி வாங்கினால், மாநில அரசு வகுக்கும் அளவைத் தாண்டும்போது மட்டுமே அந்தப் பிரிவு பொருந்தும். ஐந்தாறு ஏக்கராகச் சேர்க்கும் வளாகம் அதில் சிக்குவதில்லை. வாங்குபவர் மாறியதும் கூலிக்காரர் சட்டத்தின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்.

வயல்வேலை பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. கைகட்டி நின்ற வரப்பை விட்டு நம் பிள்ளைகள் பில் போடும் மேசைக்குப் போவது நல்லதுதான். ஆனால் நாற்பத்தைந்து வயது நடவுப் பெண்ணை எந்த மால் வேலைக்கு எடுக்கும்? எடுத்தாலும், ஒப்பந்தக்காரர் மூலம் துடைப்பம்தான் கைக்கு வரும்.

பொதுப்பணத்தில் எழும் கடைகளையும் கவனிக்க வேண்டும். தஞ்சாவூரில் பொலிவுறு நகரத் திட்டத்தில் காமராஜர் மார்க்கெட், சரபோஜி மார்க்கெட் புதிதாக எழுந்தன. இப்படிப்பட்ட கடைகள் ஏலத்துக்கு வரும்போது முன்வைப்புத் தொகையே நம்மவரை வாசலில் நிறுத்திவிடுகிறது. பூக்கடை வைக்கக்கூட ரொக்கம் வேண்டும்; அடமானம் வைக்க நமக்குப் பட்டா இல்லை.

நிலத்தின் பூர்வீகத்தையும் பார்க்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-ல் தந்த அறிக்கையை அடுத்து, 1892 அரசாணையால் பஞ்சமி நிலம் வழங்கப்பட்டது. அதைப் பட்டியல் சாதியினர் அல்லாதார் வாங்கினால் செல்லாது. ஊரில் வளாகம் வருகிறது என்றால், சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு முதலில் அ-பதிவேட்டைப் பாருங்கள். இப்போதைய பதிவேட்டில் நிபந்தனை விடுபட்டிருக்கலாம். ஆகவே 1979-ல் தொடங்கிய யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அடித்தளம் போடும் முன்பே கேளுங்கள். கட்டடம் எழுந்தபின் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.