வால்வை முறுக்கலாமா?

கேள்வி: மினி டிராக்டரில் முன்பக்க லோடர் மாட்டிக் கண்மாய் வண்டல் அள்ளுகிறேன். 750 கிலோ தூக்கும் என்றார்கள். பக்கெட் நிறைந்தால் திணறுகிறது. ரிலீஃப் வால்வை முறுக்கலாமா?

– வாசகர், காரைக்குடி

பதில்: அந்த 750 கிலோ பின்பக்க லிஃப்டுக்கான கணக்கு, லோடருக்கு அல்ல. ஈர வண்டல் கன அடிக்கே 45–50 கிலோ இருக்கும். வால்வை முறுக்கினால் பலம் கூடும்தான். ஹோஸ், சிலிண்டர், முன் அச்சு மூன்றும் பழையவைதானே? பின்சக்கரம் மேலெழுந்தால் பிரேக்கும் பிடிக்காது. கரைச் சரிவில் வண்டி கவிழும்.

எண்ணெய் மட்டம், ஃபில்டர், சீல் கசிவு பாருங்கள். பிறகு கேஜ் வைத்து அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். கையேட்டு அளவைவிடக் குறைந்திருந்தால் மட்டும் அதுவரை கூட்டலாம். பின்னால் எடைப்பெட்டி மாட்டி, அரைப் பக்கெட்டாக அள்ளுங்கள். பக்கெட்டைத் தாழ்த்தியே ஓட்டுங்கள்.