பிழை படிவத்தில், பழி கதவு தட்டியவர் மேல்

வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒரு தரவரிசைப் பட்டியல் வந்துவிடுகிறது. படிப்பில் இன்ன நாடு இத்தனையாவது இடம், சந்தோஷத்தில் இன்ன நாடு இத்தனையாவது இடம். அனுப்புகிறவர்கள் எல்லாம் மெத்தப் படித்த நண்பர்கள். அந்த எண் யார் வீட்டு வாசலில், எந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் படிவங்களோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

பல நாடுகளில் ஒரே சமயத்தில் நடக்கும் ஆய்வில் எண் கோணலாக வந்தால், மேலே உள்ளவர்கள் முதலில் சொல்வது, "களப்பணியாளர் ஏமாற்றிவிட்டார்." ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பெரிய பிழைகள் பல, அவர் கதவைத் தட்டுவதற்கு முன்பே மேஜை மேல் பிறந்துவிடுகின்றன என்பது என் கட்சி.

பிரான்ஸ் நாட்டுக் கதையைப் பாருங்கள். 1994இல் ஒன்பது நாடுகள் சேர்ந்து, பெரியவர்களின் எழுத்தறிவை அளக்க ஓர் ஆய்வில் இறங்கின. கனடாவின் புள்ளியியல் துறையும் ஓஇசிடி அமைப்பும் முன்னின்று நடத்தின. மருந்து அட்டை மாதிரி அன்றாடம் கையில் படும் துண்டுகளைக் கொடுத்துக் கேள்வி கேட்டார்கள். மொத்தம் ஐந்து நிலைகள். பிரெஞ்சுக்காரர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் கீழ் இரண்டு நிலைகளில் விழுந்தார்கள்! 1995இல் அறிக்கை வெளிவருமுன் பிரான்ஸ் விலகிக்கொண்டது.

தோற்றவன் ஆட்டத்தைக் கலைத்தான் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அதே பிரெஞ்சு பேசும் சுவிஸ்காரர்கள் வெகு நன்றாகச் செய்திருந்தார்களே! எல்லையைத் தாண்டினால் மூளை மாறிவிடுமா? பாரிஸில் உள்ள மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்தின் அலன் ப்ளும், பிரான்ஸ் கெரன்-பாஸ் இருவரும் கேள்விகளை ஒவ்வொன்றாகக் குடைந்து பார்த்தார்கள். ஆங்கிலத் தாளில் கேள்வியில் வரும் சொல்லே பத்தியிலும் வரும். கண்ணை ஓட்டினால் பதில் அகப்படும். பிரெஞ்சுத் தாளில் சில இடங்களில் கேள்வியில் ஒரு சொல், பத்தியில் வேறொரு சொல். இரண்டும் ஒன்றே என்று முதலில் புரிந்துகொண்டு, பிறகு தேட வேண்டும். இது ஒரே பரீட்சையா?

இதில் எனக்கு ஒரு ஊகம் உண்டு. புதுவையில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார், கட்டுரையில் ஒரே சொல் இரண்டு தரம் வந்தால் சிவப்பு மையால் கோடு போடுவார். மாற்றுச் சொல் போட்டால்தான் மதிப்பெண். அந்தப் பள்ளிக்கூடப் பழக்கம்தான் மொழிபெயர்ப்பாளர் கையிலும் புகுந்திருக்க வேண்டும். அழகான பிரெஞ்சு, கெட்டுப்போன அளவுகோல்.

2004இல் பிரான்ஸ் தானே நடத்திய ஆய்வில், அந்நாட்டில் பள்ளி சென்ற 18 முதல் 65 வயதுக்காரர்களில் எழுத்துத் திணறல் உள்ளவர்கள் 9 சதவீதம். கேள்வியும் வேறு, அளவுகோலும் வேறு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கக்கூடாது. இருந்தாலும் எழுபத்தைந்து எங்கே, ஒன்பது எங்கே! பிற்பாடு வந்த பிசா தேர்வில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டையும் மூலமாக வைத்து, இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க, மூன்றாமவர் ஒப்பிட்டுச் சேர்க்கும் முறை வந்தது. நல்லது.

அடுத்தது படிவத்தின் நீளம். 1984 முதல் 2025 தொடக்கம் வரை அமெரிக்க உதவியுடன் பல ஏழை நாடுகளில் நடந்த மக்கள்தொகை, உடல்நல ஆய்வைச் சொல்கிறேன். நம் தேசியக் குடும்பநல ஆய்வும் அந்த வம்சம்தான். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் தடுப்பூசி, காய்ச்சல், பேதி, தாய்ப்பால் என்று பக்கம் பக்கமாகக் கேட்க வேண்டும். குழந்தை குறிப்பிட்ட ஆண்டுக்கு முன் பிறந்திருந்தால் அந்தப் பகுதியையே விட்டுவிடலாம். விளைவு என்ன தெரியுமா? நாடு நாடாக, வரம்புக்குள் வரும் முதல் ஆண்டில் பிறப்பு குறைகிறது. அதற்கு முந்தைய ஆண்டில் வீங்குகிறது. தாய்மார்கள் அந்த வருஷம் மட்டும் ஓய்வெடுத்தார்களா? இல்லை. கேள்வி கேட்ட பெண், குழந்தையை ஒரு வருஷம் மூப்பாக்கிவிட்டார்.

இதைக் குழு வாரியாக அட்டவணை போட்டுப் பிடிக்கிறார்கள். பிடிபட்டவருக்குத் திட்டு. ஒருவரையொருவர் பார்த்தே இராத பணியாளர்கள், ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஒரே தில்லுமுல்லைச் செய்தால் அது அவர்கள் குணமா, படிவத்தின் குணமா? வெயிலில் நடந்து, ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்ற கணக்கை முடிக்க வேண்டியவருக்குப் படிவமே வழி காட்டிக் கொடுக்கிறது.

கண்காணிப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். தாராளமாக வேண்டும். ஐரோப்பிய சமூக ஆய்வில், தேர்வான ஆள் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு நிரப்ப முடியாது; மாலையில் ஒரு முறை, வார இறுதியில் ஒரு முறை உட்பட நான்கு தரமாவது போக வேண்டும். இதை நான் மெச்சுகிறேன். ஆனால் அந்த நான்கு நடைக்கும் கூலி கொடுக்க வேண்டும். முடித்த படிவத்துக்கு மட்டும் காசு என்றால், பூட்டிய வீட்டுக்கு நாலாம் தரம் எவன் போவான்?

ஆகவே ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு அறிக்கையிலும், ஒரு நேர்காணலுக்கு எத்தனை நிமிடம் ஆனது, கூலி நாள் கணக்கா படிவக் கணக்கா, மொழிபெயர்ப்பை யார் சரிபார்த்தார் என்று ஒரு பக்கம் அச்சிடட்டும். எனக்குப் பட்டியல் அனுப்பும் நண்பர்கள் இனி அந்தப் பக்கத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.