காலடியில் ஒரு கடல்: பள்ளிக் கல்வி இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய புதுச்சேரி பள்ளிக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு,

மூலக்குளத்திலிருந்து எழுதுகிறேன். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் அரசுப் பள்ளிகளில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இடமாறுதல், நிலுவைத் தொகை என்று எதையும் கேட்கப் போவதில்லை. தைரியமாக மேலே படிக்கலாம். கேட்பதெல்லாம் பிள்ளைகளின் டூரைப் பற்றித்தான்.

பொங்கல் நெருங்கினால் நம் பள்ளிகளில் டூர் பேச்சு கிளம்பிவிடும். வண்டலூர், மாமல்லபுரம், இல்லாவிட்டால் தண்ணீரில் சறுக்கி விளையாட ஏதோ ஒரு தீம் பார்க். விடியுமுன் பஸ் ஏறும் பிள்ளைகள் நடுநிசியில் வீடு திரும்புவார்கள். அனுமதிக் கடிதத்தில் ‘கல்விச் சுற்றுலா’ என்று எழுதியாயிற்றே, அதற்காக இடையில் ஒரு மியூசியம். அப்படிப் போன இடத்தில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கவனித்தேன். அவன் தலைக்கு மேலே பெரிய எலும்புக்கூடு ஒன்று தொங்கியது. அவனோ குனிந்தபடி, கீழேயிருந்த பெயர்ப் பலகையை எழுத்தெழுத்தாகப் பார்த்து நோட்டில் இறக்கிக்கொண்டிருந்தான். மறுநாள் நோட்டைத் திருத்துவதாக டீச்சர் சொல்லியிருந்தாராம். எழுதி முடித்தான், அடுத்த பலகைக்கு ஓடினான். எலும்பை அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

டீச்சரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இரண்டு பஸ் பிள்ளைகளையும் முக்கால் மணி நேரத்தையும் கையில் கொடுத்தால் யாராக இருந்தாலும் பலகையைத்தான் எழுதச் சொல்வார்கள்.

மியூசியமே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. 1851-ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய கொடை. ஆனால் தன் ஊர் மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்காத பிள்ளைக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கல் வெறும் கல்தான். முதலில் மண், பிறகு கண்ணாடிப் பெட்டி. இந்த வரிசையைத்தான் நாம் தலைகீழாக வைத்திருக்கிறோம். அதுவும் எப்பேர்ப்பட்ட மண்ணை வைத்துக்கொண்டு!

மூலக்குளத்திலிருந்து வடமேற்கே போனால் ஊசுட்டேரி. அதைத் தாண்டினால் துத்திப்பட்டு, கரசூர், சேதராப்பட்டு. சேதராப்பட்டு என்றதும் நமக்குத் தொழிற்பேட்டை ஞாபகம் வரும். நிலவியல் படித்தவர்களுக்கு ஒரு கடல் ஞாபகம் வரும். டைனோசர்கள் உலவிய கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடலடியில் கிடந்தது. அன்று படிந்த சேறும் சிப்பியும் சுண்ணாம்பும்தான் இன்று இங்கே பாறை. கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் பொறுக்கிய புதைபடிவங்களை லண்டனில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-ல் அறிக்கை வெளியிட்டார். சுருள் ஓடு கொண்ட அம்மோனைட், அதற்கு உறவாக இருந்தும் நேர்க்கோல்போல் நீண்ட ஓடு கொண்ட பாகுலைட்ஸ், விதவிதமான சிப்பிகள், நத்தைகள். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஸ்டோலிச்கா, 1860-களிலும் 70-களின் தொடக்கத்திலும், தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் உயிரினங்களைப் பற்றிப் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதினார்.

வானூர், ஒட்டை, துருவை, கடப்பேரிக்குப்பம், மணவெளி. நமக்கு இவை பஸ்ஸில் கடக்கும் ஊர்கள். நிலவியல் அறிக்கைகளில் இவை பாறை அடுக்குகளின் பெயர்கள். டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் பூண்டோடு அழிந்தது சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அந்த அழிவுக்கு முந்தைய பாறை துருவைச் சுண்ணாம்புக்கல். பிந்தையது மணவெளி அடுக்கு. உலகத்தில் எத்தனை பள்ளிகளுக்கு இப்படி முன்னும் பின்னும் பக்கத்திலேயே வாய்க்கும்?

பார்ப்பதற்கு மலையும் பள்ளத்தாக்கும் இல்லை என்பது உண்மைதான். பழைய கிணற்றின் மண்மேடு, ஓடைக்கரை, வரப்பு என்று தேடித்தான் பார்க்க வேண்டும். மங்கிய மஞ்சள் நிறத்தில் ஒரு துண்டு சுண்ணாம்புக்கல். அதன் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் வரிவரியாகத் தட்டுப்படும். அது சிப்பியின் ஓடு. எச்சில் தொட்டுத் தடவினால் வரி இன்னும் பளிச்சென்று தெரியும். கல்லை நக்கிப் பார்க்கும் நிலவியலாளர்களும் உண்டு என்று சொல்லுங்கள், ஏழாம் வகுப்பு அன்று முழுக்கச் சிரிக்கும். அந்தக் கல்லையும் மறக்காது.

என் ஆதங்கம் இதில்தான். கே, கன்லிஃப் பொறுக்கியவை லண்டன் போய்ச் சேர்ந்தன. ஸ்டோலிச்கா ஆராய்ந்தவை கொல்கத்தாவில் இருக்கின்றன. தென்னிந்தியாவுக்கென்று அமைந்த வட்டார இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் மைசூரில். கரசூர்ப் பிள்ளைக்கு மிஞ்சியிருப்பது கரசூர் மட்டும்தான். அதையாவது காட்டுவோமே.

அடுத்து திருவக்கரை. எல்லைக்கு அந்தப் பக்கம், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்காக அதை விட்டுவிட முடியாது; பத்து கிலோமீட்டர் போவதற்குள் புதுவை, தமிழ்நாடு, மறுபடி புதுவை என்று மாறுகிற ஊர் நம்முடையது. அங்குள்ள கல்மரங்களைப் பற்றி 1781-லேயே பிரெஞ்சுக்காரர் சொன்னரா எழுதியிருக்கிறார். சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை. வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் கல்மரத்தின் மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகளும் அதைத்தான் செய்கிறார்கள், யாரும் ஒன்றும் கேட்காததால். கேட்டுப் பாருங்கள்: “இவ்வளவு மரம் கிடக்குதே, ஒண்ணுலயாவது வேர் இருக்கா? கிளை? பட்டை?” பத்து நிமிடம் ஓடித் தேடுவார்கள். இருக்காது. எல்லாம் மொட்டை மொட்டையாகப் படுத்த அடிமரங்கள். அப்படியானால் இவை இங்கே முளைத்தவையா? யாராவது ஒருத்தி சொல்லிவிடுவாள், வெள்ளத்தில் அடித்து வந்திருக்கும் என்று. மணலில் புதைந்து, நிலத்தடி நீரில் கரைந்த சிலிக்கா மரத்தின் செல்களில் மெல்ல மெல்லப் படிந்து கல்லான கதையை அதன் பிறகு சொன்னால் போதும். முன்னால் சொன்னால் அது நோட்டுக்குப் போகும். பின்னால் சொன்னால் மனதில் தங்கும்.

‘பாடத்தில் இல்லாததை எதற்கு?’ என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கக்கூடும். நல்ல கேள்வி. நம் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறி, 2025-ல் பத்தாம் வகுப்பு அந்தப் பொதுத்தேர்வை முதன்முதலாக எழுதியது. அதற்குள் என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியைப் பாடச்சுமை குறைப்பு என்ற பெயரில் எடுத்துவிட்டார்கள். அப்படிப் போன பக்கங்களில் புதைபடிவங்களின் படங்கள் இருந்தன. முதல் இரண்டு என்ன தெரியுமா? ஒரு மரத்தண்டு, ஓர் அம்மோனைட். நம் பிள்ளைகள் சைக்கிளில் போய்த் தொடக்கூடிய இரண்டும்தான் புத்தகத்தை விட்டுப் போயின. புத்தகத்தைத் திருத்தும் அதிகாரம் உங்களிடம் இல்லை. பஸ் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் இருக்கிறது.

நாளும் இருக்கிறது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை ஆறிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் பள்ளிக்கு வரச் சொல்கிறது. அந்தக் கொள்கையோடு எனக்குப் பல விஷயங்களில் ஒத்துப்போகாது; இந்தப் பத்து நாளில் சண்டையில்லை. கோலப்போட்டியும் மாறுவேடமுமாக அவை கழிவதற்குள் மூன்று நாளைக் கேட்கிறேன். ஒன்று கரசூர்ப் பக்கம். ஒன்று திருவக்கரை. மூன்றாவதில்தான் கூரைக்குக் கீழே போவது: பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டின் உலர்தாவரத் தொகுப்பும் மகரந்தத் தொகுப்பும், 1826-ல் உண்டான தாவரவியல் பூங்காவும் ஒரே நகரத்துக்குள் இருக்கின்றன. நாள் மிச்சமிருந்தால் பறவை பார்க்க, பாகூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாகூர் ஏரி, நமக்கு ஊசுட்டேரி. பறவைகளைப் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, அதைச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஒரு தடவைக்கு ஒரு வகுப்பு; முழுப் பள்ளியும் அல்ல. கொம்யூனுக்கு இரண்டு ஆசிரியர்களையாவது நிலவியல் தெரிந்தவர்களோடு முன்கூட்டியே அந்த இடத்துக்கு அனுப்பிப் பழக்க வேண்டும். கோடிட்ட இடத்தை நிரப்பும் தாள் வேண்டாம். வெள்ளைத் தாளும் பென்சிலும் போதும். எடுத்துவரக் கூடாது என்ற கட்டளை திருவக்கரையில் கண்டிப்பாக இருக்க வேண்டும், அது பாதுகாக்கப்பட்ட இடம். முக்கியமாகக் கழிப்பறை. வரப்பில் நின்று பாறை பார்ப்பதாக இருந்தால் பக்கத்து அரசுப் பள்ளியின் கழிப்பறை திறந்திருக்கிறதா என்று முதல்நாளே போன் போட்டுக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய பெண்கள் அன்று லீவு போட்டுவிடுவார்கள். இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

வர முடியாத பள்ளிக்குப் பெட்டி போகட்டும். சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகம் 1912 முதல் மாதிரிப் பொருட்களைப் பெட்டிகளில் வைத்துப் பள்ளிகளுக்கு இரவல் தருகிறது. இங்கேயும் 1965-லேயே கொல்கத்தாவின் பிர்லா மியூசியம் பஸ்ஸில் காட்சிப் பொருட்களை ஏற்றிக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. நம் பெட்டியில் வழுதாவூர்ச் சிப்பிக்கல், ஒரு பூதக்கண்ணாடி, போர் போடும்போது வந்த மண் அடி கணக்கில் பாட்டிலில். லாசுப்பேட்டையில் அப்துல் கலாம் அறிவியல் மையம் இருக்கிறது. அதில் ஒரு மூலையை நம் மண்ணுக்கு ஒதுக்கச் சொல்லி நீங்கள் ஒரு கடிதம் எழுதினால், பெட்டிகளுக்கும் அதுவே கிடங்காகும்.

பணமா? ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களையே எழுதி வைத்ததாகப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. நான் ஊர் கேட்கவில்லை. டீசலும் டிரைவர் படியும்தான். வண்டலூர் போய்வரும் செலவில் கரசூருக்குப் பல நடை போகலாம். மதியச் சாப்பாடு பள்ளியிலிருந்தே கட்டிக்கொண்டும் போகலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வயல்களில் கால் வைக்க முடியாது. தை அறுவடை முடிந்தால் வரப்பு காய்ந்துவிடும். மாசியில் பெரிய வகுப்புகளுக்குப் பரீட்சை வந்துவிடும். இடையில் கிடைப்பது சில வாரங்கள். எல்லைக்கு அந்தப்புறம் போக அனுமதி, பஸ், பயிற்சிக்கு ஆசிரியர்கள் எல்லாவற்றையும் அதற்குள் முடிக்க வேண்டுமென்றால், சுற்றறிக்கை டிசம்பர் முதல் வாரத்திலேயே தலைமையாசிரியர்கள் கையில் இருக்க வேண்டும். வழிகாட்ட ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் என் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். படி வேண்டாம், பஸ்ஸில் முன் சீட்டு கொடுத்தால் போதும்; முழங்கால் வலி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
மூலக்குளம்