விவசாயி கைமுதலை மனையில் போடலாமா?

அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கைக்கு வரும் காலத்தில் மனைத் தரகர்களும் கிராமங்களுக்கு வரத் தொடங்குகிறார்கள். "இன்று ஒரு மனை வாங்கிப் போட்டால், பெண்ணுக்குக் கலியாணம் கூடிவரும்போது மும்மடங்கு விலைக்குப் போகும்" என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை. கேட்பவரோ நாலைந்து ஏக்கர் உடையவர். பல வருஷம் மிச்சம் பிடித்த தொகையைக் கொண்டு கிணற்றை ஆழப்படுத்துவதா, மனை வாங்குவதா என்பது அவர் குடும்பத்துக்குப் பெரிய விஷயம். இதுபற்றி என் அபிப்பிராயத்தை விவசாய நண்பர்கள் முன் வைக்கிறேன்.

மனை வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. மனையும் நிலமே என்பதை மறந்து வாங்குகிறார்கள் என்பதுதான் என் குறை. வயல் வாங்குமுன் மண்ணைத் தோண்டிப் பார்க்கிறோம்; பாசனம், வடிகால், வண்டிப்பாதை ஆகியவற்றை விசாரிக்கிறோம்; மா ஒன்றுக்கு எத்தனை மூட்டை காணும் என்று கணக்கிடுகிறோம். மனை விஷயத்திலோ வர்ணப் படம் அச்சிட்ட காகிதத்தைக் கண்டதும் முன்பணம் கொடுத்துவிடுகிறோம்.

முதலாவது, வரவு செலவுக் கணக்கு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 100-க்கு 7 ரூபாயும், பதிவுக் கட்டணம் 100-க்கு 2 ரூபாயும் ஆகின்றன. 10 லட்சம் ரூபாய் மனைக்கு இவ்விரண்டும் சேர்ந்து 90,000 ரூபாய். இப்பணத்தை 100-க்கு 12 வட்டியில் கடன் வாங்கினால், அசல் குறையாதிருக்க, ஐந்து வருஷத்து வட்டி 6 லட்சம் ஆகிறது. ஆக, அந்த மனை 16,90,000 ரூபாய்க்கு விலைபோனால்தான் போட்டது திரும்பும். லாபம் அதற்கு மேல்தான். இடையில் அந்த மனை ஒரு படி தானியமும் தராது. அவசரத்துக்கு விற்கப் போனால் கேட்ட விலையும் வராது. ஆகையால் கடன் வாங்கி மனை வாங்குதல் கூடாது. பயிர்க் கடனை இதற்குத் திருப்புதல் அதனினும் கேடு.

இரண்டாவது, தஸ்தாவேஜுகள். பட்டாவில் பெயர் இருந்தால் போதுமென்று நம்புவோர் பலர். பட்டா என்பது நிலவரி சம்பந்தமாக ஏற்பட்ட ஆதாரம். உரிமைக்கு மூலப் பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை தொடர்ச்சி வேண்டும். முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று வாங்கிப் பார்த்தல் அவசியம். ஆனால் அதில் பதிவான விவகாரங்கள் மட்டுமே தெரியும். பிதிரார்ஜித சொத்தில் பெண்மக்களுக்கும் ஆண்மக்களுக்குச் சமமான பாகம் உண்டு. தமிழ்நாட்டில் 1989-லும், இந்தியா முழுவதற்கும் 2005-லும் சட்டம் இவ்வாறு திருத்தப்பட்டது. ஆகவே விற்பவரின் சகோதரிகள் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கிரயப் பத்திரமின்றிப் பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொள்வதால் சொத்து கைமாறாது என்று 2011-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவர், 2016-ஆம் வருஷத்துச் சட்டப்படி அப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணையும், மனைப்பிரிவுக்கான அநுமதி எண்ணையும் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பது வாங்குவோர் கடமை.

மூன்றாவது, இடம். எனக்குத் தெரிந்த குடியானவர் ஒருவர் கோடைகாலத்தில் ஒரு மனையைப் பார்த்து வாங்கினார். ஐப்பசி மழையில் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அவ்விடம் ஏரியின் உபரிநீர் வடியும் தாழ்வு என்பது அவ்வூர்ப் பெரியவர் எல்லாருக்கும் தெரியும். அவர்களை விசாரிக்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை. மழைக்காலத்தில் ஒருமுறை பாராமல் எந்த மனையையும் வாங்கலாகாது.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. ஆயக்கட்டின் நடுவில் ஒரு நஞ்சையை மேடாக்கி மனையாக்கினால், கிளை வாய்க்காலும் வடிகாலும் தடைபடுகின்றன. மேல்வயல் நீரில் அழுகும்; கீழ்வயல் காயும். அயலார் பயிரைக் கெடுத்து அடைந்த விலை ஊருக்கு லாபமாகாது.

கிராம நிர்வாக அலுவலர்கள் இதில் பெரிய உதவி செய்யக்கூடும். வாங்க வருபவருக்குப் புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் காட்டி, புறம்போக்கு எது, நீர்நிலை எது, பாதை எது என்பதை விளங்கச் சொன்னால் பல வழக்குகள் முளையிலேயே அற்றுப்போகும்.

சுருங்கச் சொல்லின், முதலில் கிணறு, வரப்பு, வடிகால் இவற்றைச் சீர்படுத்துக. அடுத்துக் கடனை அடைத்து, இரண்டு போகம் பொய்த்தாலும் குடும்பம் தாங்கும் தொகையை வங்கியில் வைத்துக்கொள்க. அதன்பிறகும் மீதி இருந்தால், பத்து வருஷம் தொடாமல் விடக்கூடிய பணத்தைக் கொண்டு மட்டும் மனை வாங்கலாம். சோறு போடும் நஞ்சையை விற்று மனை வாங்குவது விதைநெல்லைக் குற்றித் தின்பதற்கு ஒப்பாகும்.