கணக்கில் சேராத மாணவர்

மாணவர் குறைகளைத் தீர்ப்பதற்கென்று பல்கலைக்கழக மானியக் குழு 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிரசுரித்த விதிகளைப் பற்றி நமது வாசகர்கள் படித்தும் பேசியும் சலித்தும் இருப்பார்களாதலால், அவற்றை ஆதியோடந்தமாக மறுபடியும் ஒப்புவிக்கும் உத்தேசம் நமக்கில்லை. ஒரே ஒரு ஷரத்தைப் பற்றித்தான் பேச விரும்புகிறோம். கல்லூரிதோறும் அமைய வேண்டிய மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்குத் தலைவர் ஒரு பேராசிரியர். அங்கத்தினர் நால்வரும் பேராசிரியர்கள் அல்லது மூத்த ஆசிரியர்கள். மாணவர் தரப்பில், படிப்பிலோ விளையாட்டிலோ கலை நிகழ்ச்சிகளிலோ சிறந்தவர் என்ற யோக்கியதையின் பேரில் ஒருவர் நியமிக்கப்பட்டு, சிறப்பு அழைப்பாளராக வந்து உட்காரலாம். கூட்டம் நடக்கக் கோரம் மூன்று பேர். அந்த மூவரில் இந்த மாணவரைச் சேர்க்கக் கூடாது என்பதையும் விதியை எழுதியவர்கள் மறவாமல் எழுதியிருக்கிறார்கள். மாணவரின் குறையைக் கேட்பதற்கென்றே கூடுகிற சபையில், மாணவர் வந்தாலும் வராவிட்டாலும் கூட்டம் கூட்டந்தான்! பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலை போடாமல் போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நமக்கு விளங்கவில்லை.

இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள், ராமாபுரத்தைப் போன்ற ஓர் ஊரிலிருந்து ஒரு பெண் கல்லூரிக்குப் புறப்பட்டுப் போவதைக் கண்ணால் கண்டவர்களாக இருக்க முடியாது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரியும் வரையில் மைசூரு மாவட்டத்தின் கிழக்குக் கோடியாக இருந்த கர்நாடகத்தின் இந்தத் தமிழ்நாட்டு எல்லைப்புறத்தில், ராமாபுரத்திலும் மார்ட்டள்ளியிலும் அவற்றைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும், வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் பேசி வளர்கிற பிள்ளைகளுக்கு, பட்டப் படிப்பு என்றால் கொள்ளேகாலுக்கோ, அதையும் தாண்டி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் பிரயாணம் செய்து மைசூருக்கோ போவதுதான் பெரும்பாலும் வழக்கம். அனுப்புகிற தகப்பனாருக்குக் கல்லூரியைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அது ஃபாதர்கள் நடத்துவது, அல்லது ஹாஸ்டலை சிஸ்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதே. அந்த நம்பிக்கையில் தவறு ஒன்றுமில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தென்னிந்தியாவின் ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கல்வியின் கதவைத் திறந்துவிட்ட கிறிஸ்தவ ஸ்தாபனங்கள் அந்த நம்பிக்கையை நியாயமாகவே சம்பாதித்திருக்கின்றன. ஆனால் நம்பி அனுப்பப்பட்ட பிள்ளைக்கு அங்கே ஓர் அநீதி நேர்ந்தால் அது எங்கே போய் முறையிடும், முறையிட்டால் யார் கேட்பார்கள் என்ற கேள்வி, நம்பிக்கையால் தீர்ந்துவிடக்கூடியது அல்லவே.

சிறப்பு அழைப்பாளர் யார் என்று சற்று யோசித்துப் பாருங்கள். வகுப்பில் முதலாவதாக வருகிறவர். கபடியிலோ கூடைப்பந்திலோ கல்லூரிக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். ஆண்டு விழாவில் நாடகம் போட்டுக் கைதட்டல் பெற்றவர். இவர்களில் எவரிடத்திலும் நமக்கு மனஸ்தாபம் இல்லை. ஆனால் ஹாஸ்டல் கட்டணத்தில் ரசீதில்லாமல் வாங்கிய தொகையைப் பற்றிப் புகார் செய்ய வந்த மாணவிக்கு, கூடைப்பந்தாட்டக்காரரின் சாமர்த்தியம் எவ்விதத்தில் உபகாரமாகும்? அதிலும் அந்த முதல் மாணவரின் முதன்மையே யாருடைய கையில் இருக்கிறது? இன்டர்னல் மார்க்கைப் போடுகிற ஆசிரியர்கள், மேற்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதுகிற ஆசிரியர்கள், நன்னடத்தைச் சான்றிதழில் கையெழுத்திடுகிற பிரின்ஸிபால் ஆகிய இவர்கள் மத்தியில், இவர்களாலேயே நியமிக்கப்பட்டு, இவர்களுடைய நல்லெண்ணத்தை இழந்தால் தமது யோக்கியதையையே இழந்துவிடக்கூடிய நிலைமையில் உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பிள்ளை, இவர்களுக்கு விரோதமாக ஒரு வார்த்தை பேசுமென்று எதிர்பார்ப்பது, மனித சுபாவத்தை அறியாதவர்களுடைய எதிர்பார்ப்பு. அல்லது, நன்றாக அறிந்தவர்களுடைய ஏற்பாடு. இரண்டில் எது என்பதை வாசகர்களின் தீர்மானத்துக்கே விட்டுவிடுகிறோம்.

பெரிய சர்வகலாசாலைகளில் இந்த ஏற்பாட்டின் தீமை ஓரளவு மறைந்துபோகலாம். ஒரு துறையின் குறையை, அதை அறியாத வேறொரு துறையின் பேராசிரியர் கேட்பதற்கு அங்கே இடமுண்டு. நாம் கவலைப்படுவது சில நூறு மாணவர்களோடு ஒரே ஒரு கட்டடத்தில் நடக்கும் சிறு கிறிஸ்தவக் கல்லூரியைப் பற்றி. அத்தகைய ஒரு கல்லூரியில் பிரின்ஸிபாலும், கரெஸ்பாண்டெண்டும், பொக்கிஷதாரரும், ஹாஸ்டல் வார்டனும் ஒரே துறவற சபையைச் சேர்ந்தவர்களாக, ஒரே சாப்பாட்டு மேஜையில் உட்காருகிறவர்களாக இருப்பது சர்வசாதாரணம். மீதியுள்ள மூத்த ஆசிரியர்கள் ஒரு கை விரல்களில் அடங்குவார்கள். அவர்களில் பலர் நிர்வாகத்தின் சம்பளத்தையே நம்பியிருப்பவர்கள். இவர்களிலிருந்துதான் ஐவர் குழு அமைய வேண்டும். ஆகவே, புகாருக்கு இலக்கானவரும் புகாரை விசாரிப்பவரும் ஒருவரேயாக இல்லாவிட்டாலும், ஒருவருக்கொருவர் மிகவும் வேண்டியவர்களாக இருப்பதைத் தவிர்க்க வழியில்லை. ஒரு பெண்ணும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்பினரில் ஒருவரும் குழுவில் இருக்க வேண்டுமென்று விதித்தவர்களை நாம் பாராட்டுகிறோம். ஆனால் வெளியார் ஒருவரும் வேண்டும் என்பது மட்டும் அவர்கள் புத்திக்கு எட்டாமல் போயிற்று.

குழுவின் தீர்ப்பு திருப்தியில்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அதிகாரியான ஆம்புட்ஸ்பர்சனிடம் அப்பீல் செய்யலாமே என்று பதில் வரும். செய்யலாந்தான். ஓய்வுபெற்ற துணைவேந்தரோ, ஓய்வுபெற்ற பேராசிரியரோ, முன்னாள் மாவட்ட நீதிபதியோ அந்தப் பதவியில் இருப்பார். குழு தன் அறிக்கையைப் பதினைந்து வேலை நாட்களுக்குள் தரவேண்டும், அதிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் மாணவர் அப்பீல் செய்யவேண்டும், முப்பது நாட்களில் தீர்ப்பு என்றெல்லாம் காலக்கெடு விதிக்கப்பட்டிருக்கிறது. கூடவே, புகார் பொய்யானது அல்லது அற்பமானது என்று தோன்றினால் புகார் செய்தவர்மீதே நடவடிக்கை எடுக்கச் சிபாரிசு செய்யலாம் என்றும் ஒரு வாசகம் இருக்கிறது. கல்லூரியில் ஐந்து ஆசிரியர்கள் சேர்ந்து அற்பம் என்று முடிவுகட்டிய குறையைத் தூக்கிக்கொண்டு, அந்த நடவடிக்கையின் பயத்தோடு, ராமாபுரத்துப் பெண் பல்கலைக்கழகத்தின் படியேற வேண்டும்!

இதைவிட நமக்கு எரிச்சலூட்டுவது, விதி வகுத்த மானியக் குழுவினருக்கு வேறு விதமாக எழுதத் தெரியாமலில்லை என்பதே. பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லைகளை விசாரிக்க 2015-இல் இதே கையால் எழுதப்பட்ட விதிகளில், மாணவர்கள் சம்பந்தப்பட்ட விஷயமானால் உள்ளகப் புகார்க் குழுவில் மூன்று மாணவர்கள் இருக்க வேண்டுமென்றும், அவர்கள் ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டுமென்றும் சொல்லியிருக்கிறது. வெளியார் ஒருவருக்கும் அந்தக் குழுவில் ஸ்தானம் உண்டு. எட்டு வருஷத்தில் தேர்தல் நியமனமாயிற்று, மூவர் ஒருவராயினர், அங்கத்தினர் அழைப்பாளரானார். இடைப்பட்ட காலத்தில் மாணவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்?

உள்ளகப் புகார்க் குழு என்பது காகிதத்தோடு நின்றுவிடாமல் வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு, தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் விவகாரத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2019 ஜனவரியில் விலங்கியல் மாணவ மாணவியர் பெங்களூருக்கும் மைசூருக்கும் குடகுக்கும் கல்விச் சுற்றுலா வந்தபோது ஆசிரியர் இருவர் முறைகேடாக நடந்துகொண்டதாக மாணவிகள் எழுதிக்கொடுத்தார்கள். குழு விசாரித்துப் புகாரில் உண்மை உண்டென்று கண்டது. அவ்வாசிரியர்களில் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயும், குழுவின் அறிக்கையில் தலையிட நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதே தீர்ப்பில், கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பது பெண்பிள்ளைகளுக்குப் பத்திரமல்ல என்று பெற்றோர் கருதுவதாக ஓர் அபிப்பிராயமும் தேவையில்லாமல் இடம்பெற்று, கண்டனம் எழுந்த சில நாட்களிலேயே நீக்கப்பட்டது. ஒரு சமுதாயத்தின் கல்லூரிகளையெல்லாம் ஒரே வாக்கியத்தில் பழித்தது அநியாயம் என்பதே அன்றும் இன்றும் நமது கட்சி. ஆனால் அந்தப் பழிக்குத் தக்க மறுமொழியாக நின்றது, அறிக்கைகளும் ஆட்சேபங்களும் அல்ல, அந்தக் கல்லூரியின் புகார்க் குழு செய்த காரியந்தான். இதைச் சிறு கல்லூரிகளின் நிர்வாகிகள் கவனிக்க வேண்டும்.

விதி வகுத்தவர்களின் பூர்வ சரித்திரத்தையும் சற்றுப் புரட்டுவோம். மாணவர் குறை கேட்க ஆம்புட்ஸ்மன் வேண்டுமென்று 2012-இலேயே இவர்கள் உத்தரவிட்டார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2019-இல் அதை மாற்றி எழுதினார்கள். 2023-இல் மறுபடியும் எழுதினார்கள். 2024 ஜூன் மாதத்தில், ஆம்புட்ஸ்பர்சனை நியமிக்காத பல்கலைக்கழகங்கள் என்று ஒரு ஜாபிதாவை இவர்களே வெளியிட்டபோது அதில் 157 பெயர்கள் இருந்தன. அவற்றில் 108 அரசாங்கப் பல்கலைக்கழகங்கள்! எழுதுவதில் இவ்வளவு உற்சாகமும் நிறைவேற்றுவதில் இவ்வளவு சோம்பலும் ஒருங்கே அமைந்த ஸ்தாபனத்தை நாம் வேறெங்கும் கண்டதில்லை. 2010-இல் 44 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தகுதியற்றவை என்று மத்திய சர்க்கார் உச்ச நீதிமன்றத்தில் சொல்லி மாணவர்களைத் திகிலடையச் செய்ததே, அவை அந்த அந்தஸ்தைப் பெற்றபோது சிபாரிசு செய்தவர்கள் யார்?

அவ்வளவு தூரம் போவானேன்? மைசூரு முக்தகங்கோத்ரியில் இருக்கிறது கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 2012-13-க்குப் பிறகு அதற்கு அங்கீகாரம் இல்லையென்று 2015-இல் மானியக் குழுவினர் பகிரங்க அறிவிப்புச் செய்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் பணம் கட்டிச் சேர்ந்து, பரீட்சையும் எழுதிக்கொண்டிருந்த மாணவர்களின் கதி என்ன என்பதைப் பற்றி அந்த அறிவிப்பை எழுதியவர்கள் நித்திரை இழந்ததாகத் தெரியவில்லை. 2018-இல் அங்கீகாரம் திரும்ப வந்தது. நடுவில் அகப்பட்டுக்கொண்டவர்கள், செல்லாத பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்கள். கூலி வேலை செய்துகொண்டே தபால் வழியில் படித்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். பல்கலைக்கழகம் செய்த தவறுக்கும், மேற்பார்வையாளர்கள் காலத்தில் எச்சரிக்காத தவறுக்கும் சேர்த்துத் தண்டனை அனுபவித்தவர் மாணவர். அன்று அவர்கள் முறையிடுவதற்கு எந்தக் குழு இருந்தது, அதில் யார் சிறப்பு அழைப்பாளராக உட்கார்ந்தார்?

சேர்க்கை ஆரம்பிப்பதற்கு அறுபது நாட்களுக்கு முன்பே கட்டணம் முதலிய சகல விவரங்களையும் கல்லூரி பகிரங்கப்படுத்த வேண்டும், அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதிகள் நல்லவையே. அவற்றை மீறும் கல்லூரியின்மீது புகார் செய்வதற்கும் மாணவர் அதே ஐவரிடத்தில்தான் போக வேண்டும் என்பதால் அவற்றைப் பற்றி அதிகமாகப் பேசிப் பயனில்லை.

குழுவில் வெளியாரையும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவரையும் சேருங்கள் என்றால், நாங்கள் சிறுபான்மையோர் ஸ்தாபனம், அரசியல் சட்டத்தின் 30-ஆவது ஷரத்து எங்களைக் காக்கிறது என்று சில நிர்வாகங்கள் சொல்வதுண்டு. நிர்வகிக்கும் உரிமையில் சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை அடங்காது என்று கேரளக் கல்வி மசோதா வழக்கில் 1958-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லி முடித்த விஷயம் அது. இரண்டாவதாக, கர்நாடகத்துக் கல்லூரிகளில் முப்பதாண்டுகளுக்கும் மேலாகத் தடையினால் மாணவர் சங்கத் தேர்தலே கிடையாதே, தேர்ந்தெடுப்பது எப்படி என்பார்கள். மாணவர் சங்கத் தேர்தல்களைப் பற்றிய லிங்டோ கமிட்டியின் சிபாரிசுகளை அமல்படுத்தும்படி 2006-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும் இன்னும் தேர்தல் இல்லையென்றால், அது அந்தத் தடையின் லக்ஷணம், மாணவர்களின் குறையல்ல.

குழுவின் அமைப்பு மாறியாக வேண்டும். எவ்விதமாக மாறவேண்டுமென்பதைச் சட்டம் தெரிந்தவர்களும், கல்லூரி நடத்துகிறவர்களும், முக்கியமாக மாணவர்களும் கூடி ஆலோசிக்கட்டும். டில்லியில் அமர்ந்திருப்போர் இந்த ஒரு தடவையாவது எழுதுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளட்டும். அதற்கிடையே, வருகிற சேர்க்கைக் காலத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மைசூருக்குப் பஸ் ஏறப்போகிற பெற்றோர்களுக்கு நமது விண்ணப்பம் இதுதான்: கட்டணத்தைச் செலுத்துவதற்கு முன்னால், இந்தக் கல்லூரியின் குறைதீர்ப்புக் குழுவில் உள்ளவர்கள் யார் யார், அதில் இருக்கிற மாணவரை நியமித்தவர் யார் என்று ஆபீஸில் கேளுங்கள். எழுத்து மூலமாகப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.