மேயர் கதிரைக்கு வருபவரின் பழைய கணக்கைப் பாருங்கள்

மேயரை நாம்தான் தெரிவு செய்கிறோம் என்று எம்மில் பலர் இன்னும் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். தேர்தல் காலத்துச் சுவரொட்டிகளும் அப்படித்தான் சொல்கின்றன. ஒருவருடைய படத்தைப் பெரிதாகப் போட்டு 'எமது மேயர் வேட்பாளர்' என்று ஒவ்வொரு கட்சியும் ஒட்டி விடுகிறது. ஆனால் வாக்குச் சீட்டில் மேயருக்கென்று ஒரு கட்டம் கிடையாது. நாம் புள்ளடி இடுவது எமது வட்டாரத்தில் போட்டியிடும் கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்குத்தான். ஒரு கட்சி சபையில் பாதியைப் பிடித்துக் கொண்டால் மேயரை அந்தக் கட்சி பெயர் குறிப்பிடும். பாதி கிடைக்காவிட்டால் உறுப்பினர்கள் கூடி, தமக்குள் ஒருவரை வாக்களித்துத் தெரிவு செய்வார்கள். இதுதான் இப்போதுள்ள சட்டம்.

கொழும்பு மாநகர சபையில் இரண்டு விதமும் நடந்திருக்கிறது. 2018 ஆம் ஆண்டுத் தேர்தலில் 119 ஆசனங்களில் 60 ஐ ஐக்கிய தேசியக் கட்சி பெற்றதால் ரோஸி சேனாநாயக்க சிரமமின்றி மேயரானார். கொழும்பின் முதலாவது பெண் மேயர் அவரே. 2025 மே 6 ஆம் திகதி நடந்த தேர்தலில் அப்படி அமையவில்லை. 117 உறுப்பினர்களில் தேசிய மக்கள் சக்திக்கு 48 பேர் கிடைத்தார்கள். அதுவே கூடிய தொகை, ஆனால் பாதியில்லை. ஜூன் 16 ஆம் திகதி முதலாவது கூட்டத்தில் இரண்டு உறுப்பினர்கள் மேயர் பதவிக்குப் போட்டியிட்டார்கள். தேசிய மக்கள் சக்தியின் விராய் கெலி பல்தசாருக்கு 61 வாக்குகளும், ஐக்கிய மக்கள் சக்தியின் ரிஸா சரூக்குக்கு 54 வாக்குகளும் கிடைத்தன. இரண்டு வாக்குகள் நிராகரிக்கப்பட்டன.

வியாபாரிகளாகிய நாம் இந்தக் கணக்கை ஒரு தடவை கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். 48 பேரை வைத்திருந்த கட்சியின் வேட்பாளருக்கு 61 வாக்குகள் விழுந்திருக்கின்றன. அப்படியானால் ஆகக் குறைந்தது 13 வாக்குகள் வேறு சின்னங்களில் வென்று வந்தவர்களுடையவை. அது இரகசிய வாக்கெடுப்பு. எந்த வட்டாரத்து உறுப்பினர் யாருக்குப் போட்டார் என்பதை அந்தச் சீட்டு சொல்லப் போவதில்லை. ஒருவரை நம்பி வாக்களித்த வட்டார மக்களுக்கு, அவர் அந்த நம்பிக்கையை யாரிடம் கொண்டு போய்க் கொடுத்தார் என்று தெரிந்து கொள்ள வழியில்லை. இதை எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ நான் எழுதவில்லை. நாளைக்கு மறுபக்கம் வென்றாலும் கேள்வி இதே கேள்விதான்.

"மேயர் யாராக இருந்தால் எங்களுக்கென்ன, கடையைத் திறந்தால்தான் எங்களுக்குச் சோறு" என்று சொல்லும் வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 2018 இல் தெரிவான சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அதன் பின் 2025 ஜூன் வரை இரண்டு வருடங்களுக்கு மேல் தெரிவு செய்யப்பட்ட சபை ஒன்று இருக்கவில்லை. வடிகான் அடைத்தால், தெருவிளக்கு எரியாவிட்டால், அனுமதிப்பத்திரம் இழுபட்டால், போய்ச் சொல்வதற்கு வட்டாரத்தில் ஓர் ஆள் கிடையாது. கந்தோரில் கோவை எந்த மேசையில் கிடக்கிறதென்று கேட்டுத் தரவும் ஒருவர் இல்லை. உறுப்பினர் என்பவருடைய பெறுமதி, அவர் இல்லாத காலத்தில்தான் பலருக்கு விளங்கியது.

ஆகவே ஓர் உறுப்பினர் மேயர் கதிரையைக் கேட்டு முன்னால் வரும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இன்றைய விடயம்.

நான்காம் குறுக்குத் தெருவில் ஒருவர் வந்து பத்து மூடை சீனி கடனுக்குக் கேட்டால் முதலாளி என்ன செய்வார்? அவருடைய சட்டையைப் பார்க்க மாட்டார், பேச்சையும் பார்க்க மாட்டார். பழைய கொப்பியைப் புரட்டுவார். போன முறை எடுத்ததைச் சொன்ன தவணைக்குக் கட்டினாரா, கொடுத்த காசோலை திரும்பி வந்ததா என்று பார்ப்பார். புதிய ஆளென்றால் அவருடைய ஊரில் நாலு பேரிடம் விசாரிப்பார். மேயர் பதவியைக் கேட்கும் உறுப்பினரிடமும் இதே முறைதான் சரி. சபையில் ஏற்கெனவே இருந்தவராயின் அவருடைய கொப்பி திறந்தே கிடக்கிறது. எத்தனை கூட்டத்துக்குப் போனார்? எந்தக் குழுவில் இருந்தார்? வரி கூட்டும் பிரேரணை வந்தபோது கையை உயர்த்தினாரா, வெளியே தேநீர் குடிக்கப் போய்விட்டாரா? தன் வட்டாரத்தில் ஒரு குறுக்கு ஒழுங்கையையாவது திருத்திக் காட்டினாரா? ஒரு வட்டாரத்தைப் பார்க்காதவர் முழு நகரத்தையும் பார்ப்பார் என்று நம்புவதற்கு நியாயமில்லை.

இதைப் பேசிக் கொண்டிருந்தபோது பழைய சோனகர் தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "எல்லாம் சரி நானா, நம்மட ஆளொருவர் மேயரா வந்தா நமக்கு நல்லதுதானே?"

நல்லதுதான். அந்தக் கதிரை எமக்குப் புதியதுமல்ல. எம்.எச். முஹம்மத், ஏ.எச்.எம். பௌசி, உமர் காமில், ஏ.ஜே.எம். முஸம்மில் என்று எம்மவர் பலர் அதில் இருந்திருக்கிறார்கள். 2006 இல் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டு, அக்கட்சியின் ஆதரவோடு மூக்குக் கண்ணாடிச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழு வென்றபோது, முச்சக்கர வண்டி ஓட்டிய உவைஸ் முஹம்மத் இம்தியாஸ் கொழும்பின் மேயரானார். சாதாரண மனிதனுக்கும் அந்தக் கதவு திறக்கும் என்பதற்கு அது அடையாளம். ஆனால் எம்மவர் இருந்த காலத்திலும் புறக்கோட்டையில் மழை பெய்தால் தண்ணீர் கடைக்குள் வந்தது, மற்றவர் இருந்த காலத்திலும் வந்தது. தண்ணீருக்கு ஆளின் பெயர் தெரியாது. வடிகானைத் தோண்டினாரா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எம்மவர் என்பதற்காக ஒருவரிடம் கணக்குக் கேளாமல் விட்டால், நஷ்டம் எமக்கும் அவருக்கும் சேர்த்துத்தான்.

இனி அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்.

முதலாவது ஆதன வரி. கொழும்பில் நீண்ட காலமாக ஆண்டுப் பெறுமதியின் மீது வீடுகளுக்கு 22 வீதமும் வர்த்தக இடங்களுக்கு 35 வீதமும் அறவிடப்பட்டு வந்திருக்கிறது. ஒரு கடையின் ஆண்டுப் பெறுமதி 100,000 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 35,000 ரூபாய். ஜனவரி 31 க்கு முன் முழுவதையும் கட்டினால் 10 வீதக் கழிவு, அதாவது 3,500 ரூபாய் மிச்சம். வேட்பாளர்கள் மேடையில் வீதத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். 'வீதத்தைக் கூட்ட மாட்டேன்' என்று கைதட்டலும் வாங்குவார்கள். ஆனால் வீதம் அப்படியே இருக்க, ஆண்டுப் பெறுமதியை மீள மதிப்பிட்டால் வரி தானாகவே கூடிவிடும். அதே கடையின் பெறுமதி 150,000 ஆனால் வரி 52,500. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. மறுமதிப்பீடு எப்போது, எந்த அடிப்படையில்? ஆட்சேபம் தெரிவிப்பவரின் மனுவை எத்தனை நாளில் விசாரிப்பீர்கள்? வாடகைக்கு இருக்கும் வியாபாரிக்கும் இது சம்பந்தமில்லாத விடயமல்ல. கட்டட உரிமையாளர் அந்தச் சுமையை அடுத்த ஒப்பந்தத்தில் வாடகையோடு சேர்த்துத்தான் வைப்பார்.

இரண்டாவது குப்பையும் மலசலகூடமும். 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகு கொழும்பின் குப்பை 2019 முதல் புத்தளம் மாவட்டத்தின் அருவக்காட்டுக்கு அனுப்பப்பட்டது. அங்குள்ள எமது சகோதரர்கள் உட்படப் புத்தளம் மக்கள் அதற்கெதிராக எத்தனை நாட்கள் வீதியில் நின்றார்கள் என்பது இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களுக்குத் தெரியும். எமது கடை வாசலிலிருந்து போகும் மட்டையும் பொலித்தீனும் வேறொருவரின் வாசலில்தான் போய் விழுகிறது. குப்பையை எங்கே கொட்டுவது என்று மட்டும் பேசுபவரை விட, எப்படிக் குறைப்பது, எப்படித் தரம் பிரிப்பது, எத்தனை மணிக்கு லொறி வரும் என்று சொல்பவர் மேல். மலசலகூடமும் அப்படித்தான். கல்முனையிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் இரவு பஸ்ஸில் வந்து, விடியற்காலை புறக்கோட்டையில் இறங்கி, பகல் முழுக்கச் சாமான் வாங்கி, இரவு திரும்பும் வியாபாரி எங்கே முகம் கழுவுவார்? பெண்கள் வந்தால் எங்கே போவார்கள்? காலி முகத்திடலுக்கு முன்னால் 2019 இல் திறந்த பெரிய கடைத் தொகுதியில் குளிரூட்டி, வாகனத் தரிப்பிடம், துப்புரவான மலசலகூடம் எல்லாம் இருக்கின்றன. நகரம் வளர்கிறது என்பது உண்மை. வளர்ச்சி கடற்கரைப் பக்கம் போய், குறுக்குத் தெருக்கள் பழைய அழுக்கோடு அப்படியே கிடந்தால், வாடிக்கையாளர் ஒருநாள் அந்தப் பக்கமே போய்விடுவார்.

மூன்றாவது நடைபாதை. இது எமக்குள்ளேயே இரண்டு பக்கமுள்ள பிரச்சினை. ஆதன வரியும் அனுமதிப்பத்திரக் கட்டணமும் கட்டிய கடைக்காரர், தன் வாசலை மறைத்து ஒருவர் சட்டை விற்பதைப் பார்த்துப் பொருமுகிறார். அந்தச் சட்டையை விற்பவர் பெரும்பாலும் மாளிகாவத்தையிலோ வாழைத்தோட்டத்திலோ ஒரு சிறு வீட்டுக்கு அரிசி கொண்டு போக வேண்டிய பிள்ளை. அவருக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுப்பவரும் சில வேளை உள்ளே இருக்கும் கடைக்காரர்தான். வேட்பாளர் கடைக்காரர் கூட்டத்தில் 'எழுப்பி விடுவேன்' என்கிறார், நடைபாதையில் வந்து 'எவனும் தொட முடியாது' என்கிறார். இரண்டு பேரும் சேர்ந்திருக்கும் இடத்தில் வைத்து அவரிடம் கேளுங்கள். எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எத்தனை பேருக்கு? மாற்றிடம் எங்கே? 2014 இல் பெஸ்தியன் மாவத்தையில் மிதக்கும் சந்தையை அழகாகத்தான் கட்டினார்கள். வாடிக்கையாளரின் கால் அந்தப் பக்கம் போகாததால் பல கடைகள் பின்னர் மூடிக் கிடந்தன. கட்டடம் கொடுத்தால் வியாபாரம் வந்துவிடாது என்பதை வியாபாரிக்குச் சொல்லத் தேவையில்லை, வேட்பாளருக்குத்தான் சொல்ல வேண்டும்.

நான்காவது கேள்வி மிக முக்கியமானது: நீங்கள் சொல்வது உங்கள் அதிகாரத்துக்குள் உள்ளதா? மிதக்கும் சந்தை நகர அபிவிருத்தி அதிகாரசபையின் வேலை. மெனிங் சந்தையை 2020 இல் பேலியகொடைக்குக் கொண்டு போனதும் மேயருடைய தீர்மானமல்ல. பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியவை. ஒருவழிப் பாதையைப் பொலிஸார் பார்க்கிறார்கள். துறைமுக நகரத்துக்கு 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனியான ஆணைக்குழு இருக்கிறது. வடிகான், குப்பை, உள் வீதிகள், சபையின் சந்தைகள், அனுமதிப்பத்திரம், கட்டட வரைபட அனுமதி, ஆதன வரி ஆகியவைதான் மேயரின் கைக்குள் இருப்பவை. இவற்றை விட்டுவிட்டு மேம்பாலமும் ரயிலும் பேசுபவர் தன்னிடம் இல்லாத சரக்குக்கு விலை சொல்கிறார்.

மேயரானால் போதும், பிறகு எல்லாம் நடக்கும் என்றும் நினைக்கக் கூடாது. 2025 டிசம்பரில் கொழும்பு மாநகர சபையின் வரவு செலவுத் திட்டம் முதல் தடவை 3 வாக்குகளால் தோற்றது. ஆதரவு 57, எதிர்ப்பு 60. மாத இறுதியில் மீண்டும் சமர்ப்பித்துத்தான் நிறைவேற்றினார்கள். ஜூனில் மேயருக்கு விழுந்த 61 டிசம்பரில் 57 ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்தில் 2020 டிசம்பரில் இரண்டு தடவை வரவு செலவுத் திட்டம் தோற்கடிக்கப்பட்டதால் மேயர் இம்மானுவேல் ஆர்னோல்ட் பதவியிழந்தார். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வி. மணிவண்ணன் அந்த இடத்துக்கு வந்தார். பாதியில்லாத சபையில் மேயரென்பவர் ஒவ்வொரு வருடமும் ஆதரவைத் தேடிச் சேர்க்க வேண்டியவர். அந்தத் தேடலில் என்ன கொடுத்து என்ன வாங்கப்படுகிறது என்பதைக் கவனிப்பதற்கு எம்மில் யாரும் இல்லாவிட்டால், விலையை நாம்தான் கட்டுவோம். ஒரு கொந்தராத்தாக, ஒரு கட்டண உயர்வாக, அது எமது பட்டியலில் வந்து சேரும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு தெருவிலும் வியாபாரிகள் சங்கம் இருக்கிறது. அது வருடத்துக்கு ஒரு தடவை அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிடாமல், தன் வட்டார உறுப்பினரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அழைத்து உட்கார வைக்கட்டும். சபையில் என்ன நடந்தது, அவர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். அடுத்த தேர்தலில் வட்டாரத்துக்கு வருபவரிடம் ஒரேயொரு வாக்குறுதியை எழுத்தில் வாங்குங்கள்: 'யாருக்கும் பாதி கிடைக்காவிட்டால் மேயராக இன்னாரை ஆதரிப்பேன், மாறினால் வந்து காரணம் சொல்வேன்' என்று. அதற்குக் கையெழுத்து வைக்கத் தயங்குபவரிடம் எமது வாக்கைக் கடனுக்குக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

பத்து மூடை சீனிக்குக் கொப்பி பார்ப்பவர்கள் நாம். நாலு வருடத்துக்கு நகரத்தையே ஒப்படைக்கும்போது பார்க்காமல் விடலாமா?